வடிவு என்ன சொன்னாள்

உளுந்து இன்னும் பொங்கி வரவில்லை, அதற்குள் ஃப்ரிட்ஜ் மேலே வைத்த ஃபோன் டிங் டிங் என்று ஆரம்பித்துவிட்டது. அப்படியென்றால் பத்து மணி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் காமிக்ஸ் தானாக இணையத்தில் ஏறிவிடும், சனிக்கிழமையே நேரம் குறித்து வைத்துவிடுவேன், ஏனென்றால் ஞாயிறு பத்து மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்பது இந்த வீட்டுச் சுவர்களுக்கே தெரியும், கிரைண்டர் பக்கத்தில், வலது கை மணிக்கட்டு வரை மாவோடு. ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே மூச்சில் ஆட்டிவிட வேண்டும். கடையில் பாக்கெட் மாவு விற்கிறது, வாங்கலாம், வாங்கினால் பூபதிக்கு நெஞ்சு எரியும், நெஞ்சு எரிந்தால் அடுத்த வாரம் முழுக்க அதைப் பற்றியே பேசுவார், அதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஆட்டிவிடுவது சுலபம். பூபதி என் வீட்டுக்காரர். கெட்டவர் இல்லை. அவரைப் பற்றி எதை நினைக்க ஆரம்பித்தாலும் இந்த வரியை முதலில் போட்டுக்கொள்கிறேன், கெட்டவர் இல்லை, யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. இப்போதுகூட நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கிறார். அவர் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை நேராக இங்கேதான் வருகிறார், தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற கட்டில் வாடகைக்குக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மகள் மிருதுளாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு அதை எடுத்து வரப் போயிருக்கிறார். போகும்போது செருப்பை மாட்டியபடியே சொன்னார், "உன்ற மேசைய பால்கனிக்கு எடுத்துப் போட்டர்லாம். அந்த எடத்துல கட்டில் கரெக்டா உக்காந்துக்கும்." கேட்கிற தொனி இல்லை, ஆனாலும் ஒரு கணம் நின்றார், நான் ஏதாவது சொல்வேனோ என்று. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், களைவதை நிறுத்தவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார். கட்டில் வந்து சேர்வதற்குள் நான் ஒரு பதிலைத் தயார் செய்தாக வேண்டும்.

அது ஒன்றும் பெரிய மேசை இல்லை. மிருதுளா எழுதப் பழகிய வயதில் அவளுக்காக வாங்கினோம், அவள் தரையில் கவிழ்ந்து படுத்துத்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்ததும் கேட்பாரில்லாமல் எனக்கு வந்தது. சின்ன ரூமில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது, ஒரு பக்கம் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி மூட்டை, இன்னொரு பக்கம் பழைய சூட்கேஸ், உபயோகிக்காத மிக்ஸி, தீபாவளிக்கு மட்டும் இறங்குகிற முறுக்கு அச்சு. அதற்கு நடுவில் உட்கார்ந்துதான் வடிவை வரைந்தேன். வடிவு என் காமிக்ஸில் வருகிறவள், துணிக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலை அவளுக்கு, அவள் வீட்டுச் சுவரில் ஒரு பல்லி, வடிவு வாயைத் திறந்து சொல்லாததையெல்லாம் அந்தப் பல்லி சொல்லும். 'வடிவும் பல்லியும்' என்று பெயர், வாரத்துக்கு ஒரு எபிசோட், ஃபோனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கலாம், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். படிக்கிறவர்களுக்கு ஒரு காபி நேரம். எனக்கு அது ஒரு வாரம். பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், எந்த போல்ட் எந்த ரேக்கில் என்று சொல்வதுதான் அங்கே என் வேலை, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பழைய டெலிவரி சலான்களின் பின்பக்கம் கட்டம் போட்டுப் பார்ப்பேன், பஸ்ஸில் நின்றுகொண்டே வசனம் யோசிப்பேன், சிங்காநல்லூர் ஸ்டாப் வருவதற்குள் பல்லிக்கு ஒரு வரி கிடைத்துவிட்டால் அன்றைக்கு யார் திட்டினாலும் உறைக்காது. நிஜமான வரைதல் விடியற்காலையில், பால் பாக்கெட் வந்து விழுவதற்குள். வடிவு எப்போதும் பச்சைப் புடவைதான் கட்டியிருப்பாள், வாசகர்கள் அதற்கு வயல் என்றும் நம்பிக்கை என்றும் ஏதேதோ அர்த்தம் எழுதுகிறார்கள், வேறு கலர் யோசிக்க எனக்கு நேரமில்லை என்பதுதான் அர்த்தம். மிருதுளாவுக்கு டெங்கு வந்த வாரம்கூட நிறுத்தவில்லை, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து வெறும் சுவரும் அதில் ஒரு பல்லியும் மட்டும் வரைந்து போட்டேன், பல்லி ஒன்றுமே சொல்லவில்லை. அதைத்தான் பலர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சுவர் எபிசோட் மாதிரி வராதுங்க்கா என்று.

தண்ணீர் தெளிக்க வேண்டும். கல்லில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளு. உளுந்துக்குத் தண்ணீர் மொத்தமாக ஊற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக, அது கேட்கக் கேட்கக் கொடுக்க வேண்டும், நான் மட்டும் கேட்காமலே எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது பூபதி மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அம்மாவுக்கு எப்படியும் நாள் ஆகும், காலை மடக்கி நீட்ட வைக்கணும், மருந்து இருக்கு, பாத்ரூமுக்குப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும், நீயும் ஆபீசுக்கும் போய்ட்டு எப்படிச் சமாளிப்பே என்று என் மேல் இரக்கப்பட்டே பேசினார். இரக்கப்பட்டே வந்து அங்கே சேர்ந்தார். "அந்தப் படத்தக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையேன் புள்ள. எங்க போயிரப் போவுது." அந்தக் கடைசி வரியில்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்கே போய்விடும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்த எம்.காம். எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மிருதுளா பிறந்ததும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் எங்கே போனது, கீழ்வீட்டுக்காரருக்குப் போனது, அவர் மகள் அதில் காலேஜ் போகிறாள், ஹாரன் சத்தம் கேட்டால் இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். நிறுத்தி வைத்த எதையும் நான் மறுபடி எடுத்ததே இல்லை. யாரும் தடுக்கவில்லை, அதுதான் கொடுமை, தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நிறுத்திய இடத்தில் வேறு வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை எழுப்ப முடியாது. அதனால் எனக்குப் பயம், சாதாரணப் பயம் இல்லை, வடிவு செத்துப்போவாள் என்கிற பயம். அத்தையைப் பார்த்துக்கொள்வதில் எனக்கு மனக்கசப்பு ஒன்றும் இல்லை. அவர் என்னைப் படுத்தியவர் இல்லை, போன பொங்கலுக்கு என் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தப் பல்லி நம்மூட்டுப் பல்லியாட்டவே இருக்குதே என்று சொல்லிச் சிரித்தவர். அவர் காலைப் பிடித்துவிட எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பூபதிக்கு என்ன பதில் சொன்னேன், ரசத்தை ஊற்றிக்கொண்டே பார்க்கலாம் என்றேன்.

ஃபோன் இன்னும் நிற்கவில்லை. சாதாரணமாக முதலில் இரண்டு மூன்று டிங், பிறகு ஒரு அமைதி, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூட்டம், அதுதான் வழக்கம். இன்றைக்கு நிற்காமல் அடிக்கிறது. நல்லதாக இருக்குமோ, யாராவது பெரிய ஆள் பகிர்ந்திருப்பார்களோ, அப்படி ஒரு தடவை ஆனது, ஒரு நாள் முழுக்கக் கால் தரையில் படவில்லை. நல்லதாக இருக்காது. எனக்கு எப்போதும் இப்படித்தான், ஃபோன் அதிகமாக அடித்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். எழுத்துப் பிழையா, போன மாதம் ஒரு ஒற்றுப் பிழைக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பாடமே நடத்திவிட்டார். இல்லை, அதற்கு ஒரு ஆள் போதும், இத்தனை பேர் வேண்டாம். நேற்று சாயங்காலம் கடைசியாக என்ன செய்தேன். வடிவின் விரல் சரியில்லை என்று திருத்தினேன். சாப்பாட்டு மேசையில் டம்ளரைப் பிடித்திருக்கிற கை, சுண்டுவிரல் தனியாக எங்கோ போயிருந்தது, அதைத் திருத்தும்போது எழுத்து கண்ணை மறைத்தது. டேப்லெட்டில் படம் ஒரு தாளில், வசனம் இன்னொரு தாளில், கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய மாதிரி, ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கண் இருக்கும், அதைத் தொட்டால் அந்தத் தாள் மறைந்துவிடும், மறுபடி தொட்டால் வந்துவிடும். வசனத் தாளின் கண்ணை மூடினேன். விரலைத் திருத்தினேன். நகம் போட்டேன். காலிங் பெல் அடித்தது, கேஸ்காரர், ஓடிபி சொல்லுங்க்கா என்றார், ஃபோன் சார்ஜில் இருந்தது, எடுத்துச் சொன்னேன், சிலிண்டரை உருட்டி உள்ளே வைத்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது, துடைத்தேன், சார்ட் பேப்பர் வேணும்மா, நாளன்னைக்குக் காட்டணும் என்று மிருதுளா வந்தாள், தேடிக் கொடுத்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், விரல் நன்றாக வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், சேமித்தேன், ஏற்றினேன், நேரம் குறித்தேன். கண்ணைத் திறக்கவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. என் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது, கல் சுற்றி வந்து விரலை இடித்த பிறகுதான் எடுத்தேன்.

ஒரு எபிசோட் முழுக்க வசனம் இல்லாத வெற்றுப் பலூன். எல்லோர் வாயிலிருந்தும் பலூன் கிளம்புகிறது, ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை. ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன். கிரைண்டரை அணைத்துவிட்டுக் கை கழுவி ஃபோனை எடுத்தால் ஆகிற காரியம்தான், எபிசோடை இறக்கிவிட்டுச் சரியானதை ஏற்றலாம், சின்ன ரூம் பத்தடி தூரம். உளுந்தைப் பாதியில் நிறுத்தினால் சரியாக வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஒன்றும் ஆகாது. பார்க்கப் பயம், அவ்வளவுதான். கேலி பண்ணியிருப்பார்கள், இந்தம்மாவுக்கு இனி முடியாது என்று யாராவது எழுதியிருப்பார்கள், அதைப் பூபதி பார்ப்பார், கோபமாகப் பேச மாட்டார், அதே இரக்கத்தோடு சொல்வார், பார்த்தியா புள்ள, உன்னால சமாளிக்க முடியல, அதுக்குத்தான் சொன்னேன். அதிலும் இந்த எபிசோடா மாட்ட வேண்டும். வடிவின் அண்ணன் ஒரு மெஸ் ஆரம்பிக்கிறான், குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருக்கிறது, வடிவு துணிக்கடை வேலையை விட்டுவிட்டு மெஸ்ஸைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆளாளுக்குப் பேசி முடிவு செய்கிறார்கள், பொரியலைத் தள்ளு, அப்பளம் இன்னொன்று போடு என்பதற்கு நடுவில் ஒருத்தியின் வாழ்க்கையை மாற்றிவிடுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் வடிவு டம்ளரைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள். இத்தனை நாள் அவள் வாயைத் திறந்ததில்லை, பல்லிதான் பேசும். இன்றைக்கு அவள் பேசுவாள் என்று போன வாரமே நான் சொல்லிவைத்திருந்தேன். அந்த ஒரு பலூனுக்கு எத்தனை வரி எழுதி அழித்தேன். முதலில் கோபமாக எழுதினேன், என்னை யாராவது கேட்டீங்களா என்று. அதைப் பார்த்ததும் நாத்தனார் கலாமணி ஞாபகம் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து வாராவாரம் படித்துவிட்டு ஃபோன் பண்ணுவாள், இதுல வர்ற அம்மா எங்கம்மாவா அண்ணி என்று சிரித்துக்கொண்டே கேட்பாள், அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. அத்தை வருகிற நேரத்தில் இந்த வரியைப் போட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் தணித்தேன், இன்னும் கொஞ்சம் தணித்தேன், யோசிச்சுச் சொல்றேன் என்று மாற்றினேன், கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் வடிவு சொன்னது இதுதான், சரி, பார்க்கலாம். எழுதிவிட்டு ஒரு மணி நேரம் விரலைத் திருத்திக்கொண்டிருந்தேன், விரலில் அவ்வளவு பெரிய தப்பும் இல்லை, அந்த வரியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கண்ணையே மூடினேன் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

உளுந்து பொங்கிவிட்டது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டேன், மிதந்தது. வழித்து எடுத்து அண்டாவில் போட்டேன், அரிசியைக் கல்லில் கொட்டினேன், அரிசிச் சத்தம் கரகரவென்று கேட்டதும் ஏதோ தைரியம் வந்தது, சரி, வருவது வரட்டும். இடது புறங்கையால் ஃபோனை நகர்த்தி, மூக்கால் தொட்டுத்தான் திறந்தேன், அதை யாராவது வரைந்திருந்தால் நானே சிரித்திருப்பேன். முதலில் ஒரு பையன், எங்க ஃபோன்ல மட்டும்தான் எழுத்து தெரியலையா கோகிக்கா, கோகி என்றுதான் அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அடுத்தவர், இல்லை எனக்கும் தெரியல, வேணும்னே விட்டிருக்காங்க, நம்மதான் நிரப்போணும் போல. அங்கேயிருந்துதான் ஆரம்பித்திருக்கிறது. வேண்டுமென்று விட்டேனாம், நான் பாட்டுக்கு கேஸ் சிலிண்டர் உருட்டிக்கொண்டிருந்தேன், இவர்கள் எனக்குப் பெரிய மூளை இருக்கிறது என்று நம்பியிருக்கிறார்கள். ஆளுக்கொரு வசனம் எழுதியிருந்தார்கள். முதல்ல எனக்குக் கொழம்பு ஊத்துங்க, அப்புறம் பேசலாம். சிரிப்பு வந்துவிட்டது. மெஸ்ஸுக்கு முதலாளி நானா நீயா அண்ணா. அட, இது எனக்குத் தோன்றவில்லையே. ஒரு பெண் பலூனை மறந்துவிட்டுத் தன் கதையையே எழுதியிருந்தாள், பி.எட். படித்துவிட்டு அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே காலம் போனதை, நீளமாக, நடுவில் புள்ளிகூட வைக்காமல். ஒருவர், ஆண், எழுதியிருந்தார், அண்ணன், அப்பா, சித்தப்பா பலூனையெல்லாம் யோசிக்காமலே நிரப்பிட்டேன், வடிவு பலூன்ல என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியலை, எங்க வீட்டுல அந்தப் பேச்சை நான் கேட்டதில்லை. அதைப் படித்துவிட்டு அரிசிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துபோனேன், கல் திணறிய சத்தத்தில்தான் ஓடி வந்து ஊற்றினேன். மறுபடி போய்ப் பார்த்தேன். லோகநாயகி என்று ஒருவர், இதற்கு முன் எழுதியதில்லை, இரண்டே வரி. 'சரி, பார்க்கலாம்.' இதைத்தான் சொல்லியிருப்பா. நானும் இதைத்தான் சொன்னேன், இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்று எழுதியிருந்தார்.

நான் எழுதிய அதே வரி, ஒரு எழுத்துக்கூட மாறாமல். எனக்கு முகம் சுட்டது. யாரும் பார்க்காத என் கோழைத்தனத்தை முன்பின் தெரியாத ஒருத்தி அப்படியே எடுத்து வெளியே வைத்துவிட்டாள், திட்டிக்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற மாதிரி. நல்ல வேளை அந்தத் தாளின் கண் மூடியிருந்தது. அந்த வரி அப்படியே போயிருந்தால் இந்த லோகநாயகி என்ன நினைத்திருப்பாள், வடிவும் நம்ம மாதிரிதான் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போயிருப்பாள். கூடாது. அரிசியைத் தள்ளிக்கொண்டே யோசித்தேன், கோபத்தை ஓரம் வைத்துவிட்டு, ஸ்டோர்ஸில் ஒரு பொருளுக்கு இடம் பார்க்கிற மாதிரி யோசித்தேன். அங்கே புது லோடு வந்தால் என்ன செய்கிறேன், எது எங்கே இருந்தால் எடுக்க வசதி என்று பார்க்கிறேன், எதைத் தூக்கி எறிந்தால் சண்டை வராது என்று பார்ப்பதில்லை. இந்த வீட்டில் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். அத்தைக்கு இடம் வேண்டும், மேசையை எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் மேசை. அத்தைக்கு அந்த ரூம் ஆகுமா என்று யாராவது பார்த்தோமா. சின்ன ரூமில் கட்டில் போட்டால் துணைக்கு ஒருவர் படுக்கப் பாய் விரிக்கக்கூட இடமில்லை. பாத்ரூம் ஹாலைத் தாண்டி இருக்கிறது, அது குத்தவைக்கிற பாத்ரூம், ஆபரேஷன் பண்ணின முழங்காலோடு அத்தை எப்படிக் குத்தவைப்பார். அதற்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொள்ளலாம் என்று கலாமணி ஃபோனில் சொன்னாள், எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் பெட்ரூமுக்குள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது. கட்டிலிலிருந்து எழுந்தால் நாலு எட்டு. பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி வைத்துவிடலாம், துணைக்குப் படுக்க இடமும் உண்டு. இது எப்படி ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை, ஏனென்றால் அந்த ரூமில் பூபதியின் மெத்தை இருக்கிறது, ஏசி இருக்கிறது, அதை எடுக்கலாம் என்கிற நினைப்பே இந்த வீட்டில் யாருக்கும் வராது. என் மேசை மட்டும் பார்க்கிற கண்ணுக்கெல்லாம் காலி இடமாகத் தெரிந்திருக்கிறது. நான் என் மேசைக்காக அத்தையை ஒதுக்குகிறேனா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இல்லை. அத்தைக்கு நல்ல ரூம் கிடைக்கும், மேசை இருந்த இடத்தில் இருக்கும், நாங்கள் ஹாலில் படுப்போம், ஏசி போகும், அவ்வளவுதான் நஷ்டம். அது எல்லோருக்கும் சமமான நஷ்டம்.

மாவைக் கலந்து, உப்புப் போட்டு, அடி வரைக்கும் கையை விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது. சொல்ல வேண்டியதை வரிசையாக யோசித்து வைத்திருந்தேன், அது அத்தனையும் அந்தச் சத்தத்தில் கலைந்துபோனது, வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், அவர் களைத்து வந்திருப்பார், சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று ஒரு குரல். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தேன். கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி இரண்டு பேர் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் பூபதி, மெத்தையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, வேர்த்து வழிந்து. அவரைப் பார்த்ததும் பாவமாகத்தான் இருந்தது.

"எங்கீங்க்கா போடோணும்?" என்று முன்னால் நின்றவர் என்னைக் கேட்டார். பூபதி மெத்தைக்கு அடியிலிருந்து, அந்தச் சின்ன ரூம்ல என்று ஆரம்பித்தார்.

"அங்க வேண்டாமுங்க," என்றேன். "பெரிய ரூம்ல போடுங்க. உள்ள இருக்கற கட்டில முதல்ல கழட்டோணும்."

பூபதி மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது மெதுவாகச் சரிந்து அவர் மேலேயே விழுந்தது, மறுபடி நிறுத்தினார். அப்ப நாம எங்க படுக்கறது என்று கேட்டார். ஹால்ல என்றேன். டாய்லெட்டைச் சொன்னேன், குத்தவைக்க முடியாததைச் சொன்னேன், துணைக்குப் படுக்க இடம் வேண்டும் என்பதைச் சொன்னேன், கை மாவோடு ஒவ்வொரு ரூமையும் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, புரியாதவர் இல்லை, அது செரிதான் என்று தலையாட்டினார், ஆனால் அடுத்த வரியிலேயே, மேசைய எடுத்துட்டா நாமளாச்சும் அந்த ரூம்ல படுத்துக்கலாமே என்றார். கட்டிலைப் பிடித்திருந்த இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேசைய எடுக்கறதுக்கில்லீங்க," என்றேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான் வந்தது, குறைக்கவில்லை. "படத்தையும் நான் நிறுத்தி வைக்க மாட்டேன். அத்தைய நான் பார்த்துக்கறேன், நீங்களும் பார்த்துக்கோணும். காலைல உங்க முறை, சாயங்காலம் என்ற முறை. அவங்க உங்கம்மா."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா, ஆச்சரியமா என்று தெரியவில்லை. நான் பார்வையை எடுக்கவில்லை. பிறகு அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, செரி, வா, நீயும் ஒரு கை பிடி, கட்டில நகத்தலாம் என்றார். அவங்க ரெண்டு பேர் இருக்காங்களே என்றேன். எனக்கு வேலை இருக்குது என்றும் சொன்னேன். மாவுதான் ஆட்டி முடிஞ்சுதே, இன்னும் என்ன வேலை என்று கேட்டார், நிஜமாகவே தெரியாமல் கேட்டார். வடிவுக்கு வசனம் எழுதோணும், அத்தனை பேர் காத்துட்டு இருக்காங்க என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். அந்தச் சொல்லை, வேலை என்கிற சொல்லை, அதற்கு நான் போட்டது எனக்கே புதிதாக இருந்தது, சோப்பு போடும்போது இன்னொரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சின்ன ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய ரூமில் போல்ட்டைத் தட்டுகிற சத்தம், பூபதி யாரையோ மெதுவா மெதுவா என்று சொல்கிற சத்தம், எங்கள் கட்டில் வாசலில் இடித்த சத்தம், எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று கால் இரண்டு தடவை கிளம்பியது, உட்கார வைத்தேன். நான் போகாவிட்டாலும் அது கழன்றுகொண்டுதான் இருக்கிறது. வசனத் தாளின் கண்ணைத் திறந்து வடிவின் பலூனில் இருந்ததை அழித்தேன். 'நான் வரலைண்ணா' என்று எழுதினேன், அதற்கு மேல் ஒரு விளக்கம் சேர்க்கலாமா என்று பார்த்தேன், வேண்டாம், இவ்வளவு போதும். எழுத்து பலூனுக்குள் நடுவாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கதவை யாரோ தட்டினார்கள். இந்த வீட்டில் எந்தக் கதவையும் யாரும் தட்டுவதில்லை, திறந்துகொண்டு வருவார்கள். யாரோ என்று ஒரு கணம் திகைத்தே போனேன்.

"ஸ்பேனர் எங்க இருக்குது?" வெளியிலிருந்து பூபதி கேட்டார். கதவைத் திறக்கவில்லை.

செருப்பு ஸ்டாண்டு மேலே, நீல டப்பாவில் என்று சொன்னேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். செரி என்றார், அவர் காலடிச் சத்தம் நகர்ந்து போனது, நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.